புனைபெயரை விட்டுச் சொந்தப் பெயரில்: குளங்களையும் கேணிகளையும் வரைபடத்தில் ஏற்றும் பணி

ஓப்பின்ஸ்ட்ரீட்மப் என்னும் திறந்த வரைபடத்தில் 'செம்பாட்டான்' என்ற மாம்பழப் பெயரோடு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் வீதிகளையும் ஒழுங்கைகளையும் வரைந்துவந்த என் கணக்கு, இந்த மாரி தொடங்குமுன் சொந்தப் பெயருக்கு மாறிவிட்டது. மாற்றுவதில் சிரமம் எதுவுமில்லை. அமைப்புப் பக்கத்தில் காட்சிப் பெயரைத் திருத்திச் சேமித்தால், முன்பு பதிவேற்றிய திருத்தங்களின் தொகுப்புகள் (மாற்றத்தொகுப்புகள்) அனைத்தும் புதிய பெயரிலேயே தோன்றும். பழைய பெயரால் அறிந்தவர்கள் தடுமாறக்கூடாது என்பதற்காகத் தன்விவரப் பக்கத்தில் அதையும் ஒரு வரியில் எழுதிவைத்தேன். மாம்பழத்தின் மீதுள்ள பற்று அப்படியேதான் இருக்கிறது. செய்கின்ற வேலைதான் வேறாகிவிட்டது.

2004 இல் தொடங்கப்பட்ட இந்த வரைபடத்தை எவரும் திருத்தலாம், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். இரவில் வீட்டிலிருந்தபடி செய்மதிப் படத்தைப் பார்த்து ஓர் ஒழுங்கையைக் கீறுபவர் யார் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. கோடு சரியா பிழையா என்பதை அதே படத்தை வைத்து யாரும் சரிபார்த்துவிடலாம். குளத்தின் பெயர் அப்படிப்பட்டதன்று. அது செய்மதிப் படத்தில் இல்லை, பெரும்பாலான இடங்களில் பெயர்ப்பலகையிலும் இல்லை. அயலிலுள்ள முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி உலகத்தார் பார்க்கும் இடத்தில் எழுதும்போது, 'இதை எழுதியவர் யார்' என்ற கேள்விக்கு ஒரு மாம்பழம் பதில் சொல்ல முடியாது என்பது எனக்கு மெல்ல விளங்கியது.

குளங்களில் இறங்கியதற்குக் காரணம் நம் நிலந்தான். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத இக்குடாநாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்கிக் கிணறுகளுக்கு வருகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலேயே கேட்டிருப்போம். மழைநீரைச் சில வாரங்களாவது நிறுத்தி நிலத்துக்குள் இறக்குபவை குளங்களும் கேணிகளுமே. ஆயினும் வரைபடத்தைத் திறந்தால் ஆரியகுளம், புல்லுக்குளம், நல்லூரிலுள்ள 'ப' வடிவ யமுனா ஏரி போன்ற பெயர்பெற்றவை எளிதில் கிடைக்கும். ஊர்ப்புறத்துச் சிறு குளம் வெறும் பச்சைத் திட்டாகவோ வெற்றுக் காணியாகவோ கிடக்கும்.

கோடையில் எடுக்கப்பட்ட செய்மதிப் படத்தை நம்பி இவற்றை வரையவே முடியாது. நீர் வற்றிய குளத்தில் மாடு மேய்கிறது; சிலவற்றின் நடுவே கிரிக்கெட் ஆடுகளமே தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, நல்ல மழைக்குப் பின்னர் துவிச்சக்கரவண்டியில் சென்று, நீர் நிற்கும் விளிம்பைச் சுற்றி நடந்து, கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் தடத்தைப் பதிவுசெய்து, வீடு திரும்பி ஜோசம் என்னும் வரைபடத் திருத்த மென்பொருளில் அதன் மேல் எல்லையை வரைவதே என் முறை. செய்மதிப் படங்களும் சில மீற்றர் நகர்ந்திருப்பதுண்டு என்பதால், அருகிலுள்ள வீதிகளில் பலர் பதிவேற்றிய தடங்களோடு படத்தை முதலில் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் நில்லாத குளத்தைப் 'பருவத்துக்கு மட்டும்' என்ற குறிப்போடு பதிவதும் அவசியம். இல்லாவிட்டால் பங்குனியில் வந்து பார்ப்பவர் வரைபடத்தைத்தான் குற்றம் சொல்வார். கேணிகள் இதைவிடக் கடினம். கல்லால் கட்டிப் படியிறக்கிய கேணி பெரும்பாலும் ஆல், மருது போன்ற பெருமரங்களின் நிழலில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் இலைகள்தான் தெரியும், மரத்தடியில் ஜிபிஎஸ்ஸும் அலைந்துகொண்டே இருக்கும். நான்கு மூலைகளிலும் சிறிது நேரம் அசையாமல் நின்று பதிவுசெய்து, பக்கங்களை அளவு நாடாவால் அளந்து ஒப்பிட்டால்தான் வடிவம் ஒழுங்காக வருகிறது.

கேணியடியில் மாடுகள் உடம்பைத் தேய்ப்பதற்கு நாட்டிய ஆவுரஞ்சிக் கல்லும், தலைச்சுமையை இறக்கி வைப்பதற்கான சுமைதாங்கியும் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. இவற்றுக்கென்று இந்த வரைபடத்தில் ஆயத்தமான வகை எதுவுமில்லை; ஆனால் புதிய குறிப்புகளை எவரும் சேர்க்கலாம் என்பது அதன் வழக்கம் ஆகையால், வரலாற்றுச் சின்னம் என்ற பொதுவகைக்குள் வைத்துத் தமிழில் விளக்கம் எழுதுகிறேன். பருத்தித்துறைத் தெருமூடி மடம் போன்ற புகழ்பெற்ற சின்னத்தைப் படமெடுப்பவர்கள் ஏராளம். வீதி அகலிக்கும்போது ஓரமாகப் பிடுங்கிப் போடப்படும் ஒரு கல்லுக்கு அப்படி ஆளில்லை. என் நேரத்தை அங்கே செலவிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

பெயர் கேட்கப் போன இடங்களில் முதலில் பெயர் சொல்ல வேண்டியவன் நானாகவே இருந்தேன். "தம்பி, நீர் ஆற்ரை பெடியன்?" என்பதே பெரும்பாலும் முதற்கேள்வி. அடுத்தது, "உந்தப் படம் ஆருக்குப் போகுது?" என்பது. காணி அளப்பவர்களைக் கண்டு பட்ட அனுபவம் உள்ள ஊர்களில், கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு குளக்கரையைச் சுற்றுபவன் மீது ஐயம் வராவிட்டால்தான் வியப்பு. ஒரு முறை சனசமூக நிலையத்தில் திரையைக் காட்டியபோது, கணக்கின் பெயரை வாசித்த பெரியவர் ஒருவர், "மாம்பழமே உதெல்லாம் கீறினது?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. பெயரை மாற்றிய பின்னர், வரைபடத்தைத் திறந்து குளத்தைத் தொட்டு, அதைத் திருத்தியவர் பெயரையும் காட்டி, 'இது நான்தான், பிழையென்றால் என்னிடம் சொல்லுங்கள்' என்று கூற முடிகிறது. அதன் பிறகு அவர்களே அடுத்த குளத்துக்கு வழி சொல்கிறார்கள்.

ஒரே குளத்துக்குக் கிழக்கில் குடியிருப்போர் ஒரு பெயரும் மேற்கில் குடியிருப்போர் வேறொரு பெயரும் சொல்வது வழமை. எது சரியான பெயர் என்று தீர்ப்பளிப்பது என் வேலையன்று. பெயர்ப்பலகையோ கமக்காரர் அமைப்பின் பதிவோ இருந்தால் அதிலுள்ளதை முதற்பெயராகவும், மற்றதை மாற்றுப் பெயராகவும் இடுகிறேன். இரண்டும் தேடலில் அகப்படும். சாதிப் பெயர் சொல்லி வழங்கப்படும் இடங்களில் மட்டும், அங்கே வாழ்பவர்களிடம் கேட்காமல் எதையும் எழுதுவதில்லை.

சொந்தப் பெயரில் இயங்குவதென்றால் எல்லாவற்றையும் திறந்து வைப்பது என்று பொருளல்ல. வரைபடத் திருத்தங்கள் ஒவ்வொன்றிலும் நேரமும் இடமும் பதிவாவதால், ஒருவர் எந்த அயலில் எப்போது நடமாடுகிறார் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஜிபிஎஸ் தடங்களைப் பதிவேற்றும்போது 'தனிப்பட்டது' முதல் 'அடையாளம் காணக்கூடியது' வரை நான்கு நிலைகள் உள்ளன. நான் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பகுதியை வெட்டிவிட்டே ஏற்றுகிறேன். ஒளிப்படங்களில் ஆட்கள் விழாமலும் பார்த்துக்கொள்கிறேன். வளவுக்குள் இருக்கும் வீட்டுக் கிணறுகளையும், காணி உறுதியில் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்ட, பலருக்குப் பொதுவான பங்குக் கிணறுகளையும் குறிப்பதே இல்லை. பங்குக் கிணற்றுப் பிணக்குகளில் வரைபடம் ஒரு சாட்சியாக இழுக்கப்படுவதை நான் விரும்பவில்லை. பொதுக் கிணறும் கோயில் கேணியுமே எனக்குப் போதும்.

சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வகுப்பு மாணவர்கள் சிலர் என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி மிகவும் பொருந்துகிறது: வீதியில் நிற்கும்போது 'இவ்வீதியின் மேற்பரப்பு எத்தகையது', 'இங்கு விளக்கு உண்டா' என்று அதுவே கேட்கும், விடையைத் தொட்டால் வரைபடத்தில் ஏறிவிடும். நான் பெயரை வெளியிட்டிருந்தாலும், மாணவர்களைப் புனைபெயரிலேயே கணக்குத் தொடங்கச் சொன்னேன். பதினைந்து வயதில் செய்ததெல்லாம் சொந்தப் பெயரோடு இணையத்தில் கிடக்க வேண்டியதில்லை; வேண்டுமானால் வளர்ந்தபின் மாற்றிக்கொள்ளட்டும். விளாட், அம்பலவி, கறுத்தக்கொழும்பான் என்று மாம்பழப் பட்டியல் இப்போது நீண்டிருக்கிறது. மழைக்கு முன் நிலையம் நடத்திய சிரமதானத்தில் எந்த வாய்க்கால் எந்தக் குளத்துக்கு வருகிறது என்பதை அவர்கள் வரைந்த படத்தை அச்சிட்டு வைத்துக்கொண்டே துப்புரவு செய்தோம். பிளாஸ்ரிக் போத்தல்களால் அடைபட்ட மதகுகளை அதில் சிவப்பு மையால் குறித்தவர்களும் அவர்களே.

அடுத்ததாக வழுக்கையாற்றை எடுக்க எண்ணியிருக்கிறோம். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கிக் கந்தரோடை வழியாக அராலியில் கடல்நீரேரியைச் சேரும் அது மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவது. கோடையில் வயல்வெளிக்குள் ஒரு பள்ளக் கோடாகத் தெரியும். அதனால் கார்த்திகை மழை விட்ட கையோடு, நீர் ஓடும்போதே கரையோரம் நடந்து, மதகுகளையும் கிளை வாய்க்கால்களையும் குறித்துவிட வேண்டும். மாணவர்கள் மதகுகளில் நின்று மட்டுமே பதிவுசெய்வார்கள், வயலுக்குள் இறங்குவது பெரியவர்களின் பொறுப்பு என்று பெற்றோரிடம் சொல்லியாகிவிட்டது. இடுப்பளவு நீரில் கைத்தொலைபேசி நனையாதிருக்க ஒரு நல்ல உறையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.