காலையில் கடை திறந்தால் பிரின்டர் ஆஃப்லைன்

அக்கா சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பட்டா, சிட்டா, ஹால் டிக்கெட், ஆதார், ரேஷன் கார்டு என்று அந்தத் தெருவுக்குக் காகிதமாகத் தேவைப்படும் எல்லாம் அங்கேதான் வெளியே வரும். முன்பெல்லாம் பென்டிரைவோடு வருவார்கள். இப்போது எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அதைப் போனில் வாங்கி, கணினிக்கு மாற்றி, அங்கிருந்து வயர் வழியாகப் பிரின்டருக்கு அனுப்புவதற்குள் நாலு பேர் வரிசையில் நின்றுவிடுவார்கள் என்பதால்தான் வைஃபை உள்ள பிரின்டராகப் பார்த்து வாங்கினாள். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பார்த்தால், வாங்கி மூன்று மாதமாகியும் அது யூஎஸ்பி வயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மாட்ட வந்த பையன் ஒரு மணி நேரம் பார்த்தான் தம்பி, உங்க வைஃபைல கோளாறுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்" என்றாள்.

பிரின்டரின் குட்டித் திரையில் வைஃபை பட்டியலைத் திறந்தேன். பக்கத்து மொபைல் கடையின் வைஃபை தெரிகிறது, எதிரே இருக்கும் மெடிக்கலின் வைஃபை தெரிகிறது, நாலடி தள்ளிச் சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் ரவுட்டரின் பெயர் மட்டும் இல்லை. இதைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிடும். வீட்டுக்கும் சிறு கடைக்கும் விற்கும் பிரின்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ஒரு பக்கத்தை அச்சடிக்கப் பெரிய வேகம் தேவையில்லை, 2.4 சுவரைத் தாண்டியும் நன்றாகப் போகும், விலையும் குறைவு என்பதால் அப்படிச் செய்கிறார்கள். கடையில் இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவர்களோ வேகம் கிடைக்கட்டும் என்று 2.4-ஐ அணைத்துவிட்டு 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டுப் போயிருக்கிறார்கள். போனும் கணினியும் அதில் ஜோராக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. (வைஃபை பெயரின் வாலில் 5ஜி என்று இருந்தால் அது இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான், சிம் கார்டின் 5ஜி இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது.)

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வைத்தேன். பிரின்டர் பட்டியலில் உடனே வந்துவிட்டது. பிரின்டர் 2.4-இலும் கணினி 5-இலும் இருந்தால் ஒன்றையொன்று பார்க்காது என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க்தான், தாராளமாகப் பேசிக்கொள்ளும். போன் செயலி வழியாகப் பிரின்டரை முதல்முறை இணைக்கும்போது மட்டும் போனையும் 2.4-க்கு மாற்றிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பல செயலிகள் போன் அந்த நேரத்தில் எந்த வைஃபையில் இருக்கிறதோ அதைத்தான் பிரின்டருக்குச் சொல்லிக்கொடுக்கும்.

பெயர் பட்டியலில் தெரிந்தும், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் இணைய மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 முறை பழைய பிரின்டர்களுக்குத் தெரியாது. என் வீட்டில் ரவுட்டர் மாற்றியபோது இதே கதைதான், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்புக்கு மாற்றியதும் சேர்ந்துகொண்டது.

அக்காவின் பிரின்டரில் அந்தச் சிக்கல் இல்லை, பாஸ்வேர்ட் அடிப்பதுதான் பாடாக இருந்தது. இரண்டு வரித் திரை, மேலே கீழே போக இரண்டு அம்புக்குறிப் பொத்தான், 14 எழுத்துப் பாஸ்வேர்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் அகர வரிசை முழுக்கச் சுற்றி வரவேண்டும், நோட்டில் எழுதி வைத்திருந்ததில் ஓரிடத்தில் இருப்பது எல் எழுத்தா எண் 1-ஆ என்று தெரியாமல் இரண்டு முறை முதலிலிருந்து அடித்தேன். மூன்றாவது முறை, சிமிட்டிக்கொண்டிருந்த நீல விளக்கு நின்று எரிந்தது. அக்கா போனிலிருந்தே ஒரு ஆதார் நகலை அனுப்பினாள், வந்தது. அந்த வயரைச் சுருட்டி மேசை டிராயரில் போட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன். "தம்பி, பிரின்டர் ஆஃப்லைன்னு காட்டுது."

நான் எழுத வந்ததே இதைப் பற்றித்தான். நேற்று வேலை செய்தது இன்று ஆஃப்லைன் என்றால் எல்லாரும் பிரின்டரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள், அன்றைக்கு வேலை செய்கிறது, அடுத்த நாள் மறுபடி அதே கதை, கடைசியில் வயரை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். பிரின்டரில் ஒரு கோளாறும் இருக்காது.

பெரும்பாலான பிரின்டர்களில் நெட்வொர்க் விவரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. முதல் நாள் மாலை ஒன்று எடுத்து வைத்திருந்தேன், காலையில் இன்னொன்று எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நேற்றைய தாளில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்குக்குள் பிரின்டரின் கதவு எண், 192.168.1.4. இன்றைய தாளில் 192.168.1.6. மற்ற வரிகளெல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான்.

காரணம் கடையின் மெயின் சுவிட்ச். ராத்திரி கடை அடைக்கும்போது அக்கா மெயினை அணைத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவாள், மின்கசிவுக்குப் பயந்து கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், அதைக் குறை சொல்ல முடியாது. ரவுட்டர்தான் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் கொடுக்கிறது. அது நிரந்தரம் இல்லை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான். சாதாரணமாக அதே கருவிக்கு அதே முகவரியே திரும்பக் கிடைக்கும், ஆனால் விலை குறைந்த ரவுட்டர்கள் பல, கரண்ட் போனதும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுகின்றன. காலையில் மெயின் போட்டதும் கேமரா, கணினி, போன், பிரின்டர் எல்லாம் எழுந்து வரும் வரிசைப்படி புதிதாகப் பங்கு போடும். அன்று கண்காணிப்பு கேமரா முந்திக்கொண்டு 4-ஐ வாங்கிவிட்டது. கணினியோ நேற்றைய நினைப்பில் 4-க்கே அனுப்பிப் பார்த்துவிட்டு, பிரின்டர் அங்கே இல்லை என்றதும் ஆஃப்லைன் என்கிறது.

இதற்கு வழி, ரவுட்டரிடம் அந்தப் பிரின்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைக்கச் சொல்வது. ரவுட்டர் முகவரிகளைப் பங்கு போடும் டிஹெச்சிபி என்ற பகுதிக்குள் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று இருக்கும், சில ரவுட்டர்களில் ஸ்டாட்டிக் லீஸ் என்பார்கள். பிரின்டரின் மேக் முகவரி, அதாவது அந்தக் கருவிக்கென்றே உள்ள அடையாள எண், அந்தத் தாளிலேயே இருக்கிறது, 12 இடம், எண்களும் ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும். வயருக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என இரண்டு இருந்தால் வைஃபைக்கு உரியதை எடுக்கவேண்டும். அதற்கு எதிரே 192.168.1.50 என்று போட்டுச் சேமித்தேன். பிரின்டரின் மெனுவிலேயே முகவரியை நிலையாகப் போடும் வழியும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாளைக்கு 192.168.0 என்று தொடங்கும் வேறு ரவுட்டர் வந்தால் பிரின்டர் யாருக்கும் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் கணினியிலும் ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்த்த பிரின்டர் பல நேரம் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட்டில் (கணினி பிரின்டருக்கு அனுப்பும் வழி) இருக்கும், அது அடிக்கடி காலை வாரும். பிரின்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பக்கம் போய், ஆட் போர்ட் அழுத்தி, ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் என்பதைத் தேர்ந்து, ஒதுக்கிய முகவரியைக் கொடுத்துவிட்டால் கணினி நேராக அங்கேயே போகும். போனுக்கு இதெல்லாம் வேண்டாம். ஆப்பிள் 2010-இலேயே ஏர்பிரின்ட் கொண்டுவந்துவிட்டது, ஆண்ட்ராய்டிலும் அச்சிடும் வசதி உள்ளேயே இருக்கிறது, போன் அந்த நெட்வொர்க்கில் பிரின்டர் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் குரல் கொடுத்துத் தேடிக்கொள்ளும்.

அப்படிக் குரல் கேட்பது ஒரே நெட்வொர்க்குக்குள்தான் என்பதால், கடைக்கு வருபவர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து கொடு, கணினியும் பிரின்டரும் இருக்கும் பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே என்று அக்காவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். ஊரார் ஆதாரும் பத்திர நகலும் போய்வரும் பாதை அது. பாஸ்வேர்ட் அடிக்காமல், ரவுட்டரின் டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குள் இணைக்கும் முறை பரவாயில்லை, ஆனால் டபிள்யூபிஎஸ்ஸிலேயே உள்ள 8 இலக்க ரகசிய எண் (PIN) முறையை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள். அந்த 8 இலக்கத்தை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம் என்பது 2011-இலேயே வெளிவந்துவிட்டது.

நான் ஊரிலிருந்து கிளம்பும்வரை தினமும் காலையில் கடை திறக்கும்போது கூடவே போனேன். ஷட்டரை ஏற்றி, மெயினைப் போட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றி முடிப்பதற்குள் நீல விளக்கு நின்று எரியும். அக்கா கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், மேக் முகவரி, 192.168.1.50 எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டாள், எல் எழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டு.

போன மாதம் ரவுட்டர் பழுதாகி வேறொன்று மாற்றினார்கள். மாட்ட வந்தவரிடம் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைக்கச் சொல்லியிருக்கிறாள், பிரின்டர், கேமரா, போன் எல்லாம் எதையும் தொடாமலே சேர்ந்துகொண்டன. ஒதுக்கீடு மட்டும் பழைய ரவுட்டரோடு போய்விட்டது. எனக்குப் போன் போட்டு, நோட்டைப் பார்த்து, "டி ஃபார் டாக், நாலு, ஏ ஃபார் ஆப்பிள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அவளே அடித்தாள். கடைசி இரண்டு எழுத்து வரும்போது, "இரு தம்பி, ஆள் வந்திருக்கு, மிச்சத்த நானே பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.