தெர்மோஸ்டாட்டைத் திட்டுறதுக்கு முன்னாடி

ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், மூக்கு நுனி ஜில்லுன்னு ஆகி முழிப்பு வந்துடுச்சு. அமெரிக்காவுல மிச்சிகன், ஜனவரி மாசம், வெளிய 4 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மூர் கணக்குல மைனஸ் 15க்கும் கீழ. பக்கத்துல மூணு வாரக் குழந்தை. எழுந்து ஹால்ல போய் தெர்மோஸ்டாட்டை, அதான் வீட்டுச் சூட்டைப் பாத்து ஹீட்டரை ஓட்டுற சுவர்ப் பெட்டியை, பாத்தா செட் பண்ணி வச்சது 70, காட்டுறது 61. ஸ்கிரீன்ல 'ஹீட் ஆன்'னு மட்டும் பந்தாவா எழுதியிருக்கு, கீழ பேஸ்மென்ட்ல வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் மூச்சே விடல.

எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், பேட்டரி மாத்தினேன். ஒண்ணும் ஆகல. உடனே "தெர்மோஸ்டாட் போச்சு, காலையில புதுசு வாங்கணும்"னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், அவ தூக்கத்துலயே "முதல்ல நல்லா பாருங்க"ன்னா.

சரின்னு கழட்டிப் பாத்தேன். பெரும்பாலான வீட்டுல தெர்மோஸ்டாட்ங்கிறது வெறும் சுவிட்ச்தாங்க, 24 வோல்ட்ல ஓடுற மெல்லிசு வயருங்க. ஒவ்வொரு வயரும் ஒரு இங்கிலீஷ் எழுத்துல மாட்டியிருக்கும். ஆர்ல கரன்ட் வருது, டபிள்யூவோட சேந்தா ஹீட்டர், ஒய்யோட சேந்தா ஏசி, ஜியோட சேந்தா ஃபேன், சி வந்து திரும்பிப் போற வழி. கலரை நம்பாதீங்க, எந்த எழுத்துல மாட்டியிருக்குன்னு பாருங்க, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. ஃபர்னஸோட பிரேக்கரை அணைச்சுட்டு ஆர் வயரையும் டபிள்யூ வயரையும் முறுக்கி ஒண்ணா சேத்துட்டு பிரேக்கரைப் போட்டா ஃபர்னஸ் ஓடணும். ஓடினா தெர்மோஸ்டாட் அவுட், ஓடலன்னா வியாதி வேற இடத்துல. ஆனா உள்ள தடிமனான வயர் இருந்தா, சுவரோரம் தரைகிட்ட கரன்ட்ல ஓடுற பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள சில அபார்ட்மென்ட்ல அப்படித்தான் இருக்கும், அது 120, 240 வோல்ட்டு, அதுல இந்த விளையாட்டே வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

நான் முறுக்கினேன், ஓடல. அப்ப தெர்மோஸ்டாட் நிரபராதி.

கீழ போய் ஃபர்னஸைப் பாத்தேன். முன்பக்கக் கதவுல சின்னதா ஒரு கண்ணாடி ஓட்டை இருக்கும், அது வழியா உள்ள இருக்குற சர்க்யூட் போர்டுல லைட்டு மினுக்கும், எத்தனை தடவை மினுக்குதுன்னு எண்ணி கதவு உள்பக்கம் ஒட்டியிருக்குற அட்டவணைல பாத்தா என்ன கோளாறுன்னு தெரியும். எனக்கு மினுக்கவே இல்ல, கும்மிருட்டு. கதவு சரியா மூடலன்னா உள்ள ஒரு பட்டன் கரன்டை நிறுத்திடும்னு தெரியும், அழுத்தி மூடினேன். கார்ல இருக்குமே அதே மாதிரி ஒரு ஃபியூஸ் போர்டுல இருக்கும், உருவிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு.

அலுத்துப் போய் படியில உக்காந்தேன். தலைக்குப் பக்கத்துல ரெண்டு சுவிட்ச். ஒண்ணு மேல தட்டியிருக்கு, ஒண்ணு கீழ. அதைத் தாண்டித்தான் அதுக்குள்ள நாலு தடவை போய் வந்திருக்கேன், கீழ இருந்தா ஆன்னு நம்மூர்ல 25 வருஷம் பழகின கண்ணுக்கு அது உறைக்கவே இல்ல, இங்க எல்லாம் தலைகீழாச்சே. கீழ இருந்ததை மேல தட்டினேன், அதுதான் ஃபர்னஸ் சுவிட்ச். போர்டுல லைட்டு வந்துச்சு, சின்ன ஃபேன் ஒண்ணு உய்ய்ய்னு ஆரம்பிச்சு, டிக்னு ஒரு சத்தம், உள்ள நெருப்பு மூட்டுற இக்னைட்டர் ஆரஞ்சா பழுத்து, குப்புனு நெருப்பு பிடிச்சுது, அரை நிமிஷம் கழிச்சு சூட்டுக் காத்தை வீட்டுக்குள்ள தள்ளுற பெரிய புளோயர். அந்த சத்தத்துக்கு முன்னாடி நாதஸ்வரம் எல்லாம் ஒண்ணுமே இல்ல.

நிம்மதியா போய் படுத்துட்டேன். காலையில மாமியார் முந்தானையால விசிறிக்கிட்டு இருக்காங்க. முறுக்கின வயரைப் பிரிக்க மறந்துட்டேன், அப்படி விட்டா எத்தனை டிகிரி ஆனாலும் நிக்காது, வீடு 76.

அந்த சுவிட்சை அணைச்சது யாருன்னு கேக்குறீங்களா? மாமனார். பெட்டியை கீழ வைக்கப் போனவர், வரும்போது ரெண்டையும் சேத்து தட்டிட்டு வந்திருக்காரு. "ஆளில்லாத எடத்துல எதுக்கு மாப்ள லைட்டு?" நான் என்னத்த சொல்றது, "சரிதான் மாமா"ன்னேன்.

இதை விட மோசமா என்னை சுத்தல்ல விட்டது ரெண்டு வருஷம் முன்னாடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா மட்டும் பெட்ரூம் குளிரும், மத்த நாள் ஒரு குறையும் இல்ல. டெக்னீஷியன் ஒருத்தர் வந்து பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லி ஃபீஸ் வாங்கிட்டுப் போனாரு. அவர் வந்தது செவ்வாய்க்கிழமை. எங்க பூஜை ஷெல்ஃப் தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழ, வெள்ளிக்கிழமை பெரிய விளக்கு அஞ்சு திரியும் ஏத்துவோம், சூடு நேரா மேல போய் அதுகிட்ட "வீடு கதகதன்னு இருக்கு"ன்னு பொய் சொல்லியிருக்கு. ஷெல்ஃபை எதிர் சுவருக்கு மாத்தினோம், சரியாயிடுச்சு. டேபிள் லாம்ப், டிவி, நேரா அடிக்கிற வெயில் எல்லாம் இதே வேலைதான் பண்ணும். இதுக்கு நேர் எதிரா, வயர் வர்ற ஓட்டை வழியா சுவருக்குள்ள இருந்து குளிர் காத்து வந்தா வீடு சூடா இருந்தாலும் குளிருதுன்னு காட்டும், ஓட்டையை அடைச்சா போதும்.

ஃபர்னஸ் ஓடி, ரெண்டு நிமிஷத்துல நின்னு, மறுபடி ஓடி இப்படி பண்ணினா முதல்ல ஃபில்டரைப் பாருங்க. தூசி அடைச்சா காத்து போகாம உள்ள சூடு ஏறி பாதுகாப்புக்கு அதுவே அணைஞ்சுடும். எங்க வீட்டு ஃபில்டரை முதல் தடவை உருவினப்ப பழைய கம்பளி மாதிரி இருந்துச்சு. ரூமுக்குள்ள காத்து வர்ற வெண்ட்ல ஜில்லுன்னு காத்து வருதுன்னா ஃபேன் 'ஆன்'ல இருக்கும், 'ஆட்டோ'வுல போடுங்க. பனி கொட்டின மறுநாள் ஓடலன்னா வெளிய சுவர்ல நீட்டிக்கிட்டு இருக்குற ஃபர்னஸோட வெள்ளைக் குழாயைப் பனி மூடியிருக்கான்னு பாருங்க. கேஸ் வாடை அடிச்சா மட்டும் எதையும் தொடாம குழந்தை குட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்து அங்கிருந்து போன் பண்ணுங்க.

அந்த சுவிட்ச் மேல இப்ப டேப் ஒட்டியிருக்கேன். முதல்ல "தொடாதே"ன்னு எழுதினேன், மாமனார் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, "தொடாதீங்க"ன்னு மாத்தினேன். இப்ப அவர் பேஸ்மென்ட் பக்கமே போறதில்ல. தெர்மோஸ்டாட் மட்டும் தினம் ராத்திரி எப்படியோ 66க்கு இறங்கிடுது.