இந்த வருஷம் மார்க் போடுறதா இல்ல
கேம் பத்தி எழுதுறதுல ரூட்டை மாத்தலாம்னு இருக்கேன். புதுசா எது வந்தாலும் ஓடிப்போய் தூக்கமில்லாம ஆடி முடிச்சு பத்துக்கு எட்டுன்னு மார்க் போடுறது போரடிச்சுப்போச்சு, ஆறு மாசம் கழிச்சு அந்த மார்க்கைப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. இனிமே மாசம் ஒரு பழைய கேம், அதுல ஒரே ஒரு விஷயம், அவ்ளோதான்.

முதல்ல 1980ல வந்த பேக்-மேன், பேய்ங்ககிட்ட மாட்டாம புள்ளியெல்லாம் தின்னுட்டு ஓடுற கேம். நாலு பேயும் சும்மா துரத்துதுன்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன், ஆனா சிவப்பு நேரா நம்மளையே குறிவச்சு வருது, பிங்க் நமக்கு நாலு கட்டம் முன்னாடி போய் மடக்கப் பாக்குது, ஆரஞ்சு கிட்ட வந்ததும் அதோட மூலைக்குத் திரும்பிடுது (பயந்தாங்கொள்ளி, என்னைய மாதிரி). 256வது லெவல்ல பாதி ஸ்கிரீன் குப்பையாகிடும், லெவல் நம்பருக்கு ஒரே ஒரு பைட்தான், அதுல 255 வரைக்கும்தான் அடங்கும், அதான். அடுத்து ஸ்டார்ட்யூ வேலி, விவசாயம் பண்ற கேம், ஒருத்தரே ஒத்த ஆளா உக்காந்து பண்ணி 2016ல விட்டது.

வேற ஏதாச்சும் ஐடியா இருந்தா கமெண்ட்ல போடுங்க.