பொங்கல் லீவும் நஞ்சராயன் குளமும்

ஜனவரி 14, 2025

பொங்கலுக்குத் திருப்பூரே காலி. தென் மாவட்டத்துக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள், பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டில் பொங்கல் வைத்து முடித்ததும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்குக் கிளம்பிவிட்டேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து நடக்கிறது, யார் வேண்டுமானாலும் சேரலாம், அந்த நாலு நாளில் எங்கேயாவது 15 நிமிஷமாவது நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி, பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியில் நின்று காக்கா எண்ணினாலும் கணக்குதான்.

நாமக்கோழிகளை எண்ணுவதுதான் பாடு. நூறைத் தாண்டும்போது பாதி முங்கும், மீதி இடம் மாறும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, இதுக்குச் சம்பளம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்றார். இல்லை என்றதும் அவருக்கு என்மேல் பாவமாகிவிட்டது.

ஜனவரி 15

பட்டிப் பொங்கல். அத்தை வீட்டுத் தோட்டத்தில் மைனா, உண்ணிக்கொக்கு, கரிச்சான். ஏற்றியாச்சு.

ஜனவரி 17

வரித்தலை வாத்து! நஞ்சராயன் குளத்தில் ஒரு சின்னக் கூட்டம், தூரத்தில், மேட்டில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இமயமலையைத் தாண்டி வருகிற ஜாதி, 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்து சாயப்பட்டறை ஊரில் இறங்கியிருக்கின்றன!

125 ஹெக்டேர் சொச்சம் உள்ள இந்தக் குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியோடு சேர்த்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வந்தது. பட்டியலில் வந்ததாலேயே தண்ணீர் சுத்தமாகிவிடாது, கழிவுநீரைத் தடுக்கிற வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு குளத்தில் என்னென்ன இருக்கிறது என்று வருஷா வருஷம் எழுதி வைக்க ஆள் இல்லாவிட்டால், அதற்காக வாதாடக் கையில் என்ன இருக்கும்? அந்தப் பெரியவருக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம், அப்போது வாயில் வரவில்லை.

பிப்ரவரி 2

உலக ஈரநில நாள். ராமநாதபுரம் மாவட்டத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் இரண்டும் ராம்சார் பட்டியலில்! தமிழ்நாட்டுக்கு இப்போது 20, இந்தியாவிலேயே அதிகம். உடனே ராமநாதபுரத்தில் இருக்கிற சித்தி பையனுக்கு அனுப்பினேன். "அக்கா, சக்கரக்கோட்டை நம்ம கண்மாய், பைபாஸ் பக்கத்துலதான இருக்கு, தினம் அந்த வழியாத்தான் போறேன்" என்று பதில் வந்தது. இறங்கிப் பார்த்திருக்கிறாயா என்றேன். இல்லையாம். சரி, அடுத்த பொங்கலுக்கு அவன் அங்கே எண்ணட்டும், பைனாகுலர் வாங்கித் தருவது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.