இரண்டு பின்னும் ஒரு துண்டு டேப்பும்

சர்வரில் இருந்து கழற்றிய பழைய ரெய்டு கார்டை (பல ஹார்டு டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அட்டை) நண்பரின் வீட்டுக் கணினியில் செருகினோம். திரை கறுப்பு. கணினி தொடங்கும்போது முதலில் வரும் பயாஸ் திரைகூட வரவில்லை. கார்டை எடுத்தால் உடனே பூட் ஆகிறது.

வைத்தியம் என்ன தெரியுமா? கார்டின் தங்க நிறப் பின்களில் பி5, பி6 இரண்டை மட்டும் டேப் ஒட்டி மறைப்பது!

அவை எஸ்எம்பஸ் இணைப்புகள், அதாவது கணினியின் பாகங்கள் தங்களுக்குள் சிறு தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் தடம். ரேமின் விவரங்களை மதர்போர்டு படிப்பதும் இதே பஸ்ஸில்தான். கார்டு குறுக்கே புகுந்தால் சில போர்டுகள் அங்கேயே நின்றுவிடும். தரவு போவது வேறு பின்களில், அதனால் வேகம் குறையாது.

கடுகளவு டேப். அதை ஒட்டுவதற்குள் கண் பிதுங்கிவிட்டது.

சரி, பூட் ஆனது. அப்புறம் கார்டின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கைத் தொட்டால் சுடுகிறது. சர்வரின் காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டு, வீட்டு கேபினெட்டில் அந்தக் காற்றுக்கு எங்கே போகும்? மலிவு என்று வாங்குபவர்கள் ஒரு சின்ன ஃபேனின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.