இன்னொருவர் பிள்ளையைப் பலி என்று சொல்லலாமா?

தவக்காலம் வந்தால் மறைக்கல்வி வகுப்பில் நான் லேவியர் ஆகமம் 16ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்துவிடுவேன். சிலுவையைப் படிப்பிக்காமல் ரீச்சர் ஆட்டுக்கதை சொல்லுறா என்று பெற்றோர் சிலருக்குக் குறை. இருக்கட்டும். முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்கு எருசலேம் தெரியாது, ஆடு தெரியும். பாதிப் பேர் காலையில் ஆட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் பூசைக்கே வருகிறார்கள்.

கதை இதுதான். வருடத்தில் ஒருநாள், கழுவாய் நாளில், தலைமைக் குரு இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார். ஒன்று ஆண்டவருக்கு. அதை வெட்டி, இரத்தத்தைத் திரைக்கு உள்ளே கொண்டுபோய், உடன்படிக்கைப் பேழையின் மூடியில் விரலால் தெளிப்பார். மற்றதின் தலையில் இரண்டு கையையும் வைத்து, சனம் செய்த குற்றமெல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி, ஓர் ஆளிடம் பிடித்துக் கொடுத்துப் பாலைநிலத்துக்கு அனுப்பிவிடுவார்.

இந்த இடத்தில் ஒரு பெடியன் கையைத் தூக்கினான். "அது பின்னேரம் பட்டிக்குத் திரும்பி வந்திடுமே ரீச்சர்."

அவன் சொன்னது நியாயம். அந்தக் காலத்து யூதர்களுக்கும் இதே யோசனை வந்திருக்க வேண்டும். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பிற்காலத்து வழக்கம் எழுதியிருக்கிறது: சிவப்பு நூலில் பாதியைப் பாறையிலும் பாதியை ஆட்டின் கொம்புகளுக்கு நடுவிலும் கட்டி, ஆட்டை மலையிலிருந்து பின்பக்கமாகத் தள்ளிவிடுவார்களாம். இதைச் சொன்னதும் ஒரு சின்னப் பிள்ளை கேட்டாள்: "ஆடு என்ன பிழை செய்தது?"

12ஆம் நூற்றாண்டில் பீற்றர் அபெலார்ட் என்ற பிரெஞ்சு இறையியலாளரும் ஏறக்குறைய இதைத்தான் கேட்டார். குற்றமில்லாத ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை, தன் மகனின் சாவு கடவுளுக்கு எப்படிப் பிடித்திருக்க முடியும் என்றார். அவருக்கு முந்திய தலைமுறையில் கன்ரபெரிப் பேராயர் அன்செல்ம் வேறு கணக்கு ஒன்று போட்டு வைத்திருந்தார். 1098 அளவில் எழுதி முடித்தது. பாவம் என்பது கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுக்காமல் விட்ட கடன். கட்ட வேண்டியவன் மனிதன், கட்டக்கூடியவர் கடவுள் மட்டும், ஆகவே கடவுளே மனிதராக வந்து கட்டினார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினின் காலத்தில் கடன் தண்டனையாக மாறியது. நமக்கு விழ வேண்டிய அடி அவர்மேல் விழுந்தது என்று. இன்றைக்கு எங்கள் பக்கத்துச் சபைகளில் அனேகமாக இதுதான் பிரசங்கம். கத்தோலிக்கப் பிரசங்கங்களில் இரண்டையும் கலந்து தருவார்கள்.

கடன் என்று சொன்னால் வன்னியில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. குழுக்கடன் எடுத்த வீடுகளின் படலையில் கிழமைக்கு ஒருநாள் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். பிணை நின்ற பாவத்துக்குத் தோட்டைக் கழற்றி அடைவு வைத்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் "இயேசு உங்கள் கடனைக் கட்டினார்" என்று சொன்னவுடன் பெண்கள் கண்கலங்குவார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தப் படத்தில் கடவுள் மோட்டார்சைக்கிளில் வந்தவராகிவிடுகிறார். அன்செல்ம் அப்படி நினைத்தவரில்லை. மகன் யாருடைய கட்டாயமும் இல்லாமல் தன்னைக் கொடுத்தார் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஆனால் பிரசங்கத்தில் அந்தப் பகுதி எப்போதும் விடுபட்டுப்போகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், கடவுள் கிறிஸ்துவுக்குள்ளேயே இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறார். கடன் கேட்டுப் படலையில் நின்றவர் என்று பவுல் சொல்லவில்லை.

இவ்வளவையும் நான் ஏன் மண்டையில் போட்டுக் குழப்புகிறேன் என்றால், ஒரு மே மாத நினைவு வழிபாடு. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பேசினார். இந்த மண்ணின் பாவத்துக்கு இரத்தம் தேவைப்பட்டது, முள்ளிவாய்க்காலில் இறந்த பிள்ளைகள் அந்தப் பரிகாரப் பலியாகிப் போனார்கள் என்றார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன். எனக்குப் பக்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஓர் அக்கா சிரட்டையில் கஞ்சியை ஏந்திக்கொண்டு நின்றா. பேச்சு முடியும் மட்டும் ஒரு வாய் குடிக்கவில்லை. கஞ்சியில் ஆடை படர்ந்து, சிரட்டையின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டா: "ரீச்சர், மற்ற இடத்துச் சனத்தைவிட நாங்கள் கூடப் பாவம் செய்தனாங்களோ?"

இதே கேள்வி இயேசுவிடமும் வந்திருக்கிறது. லூக்கா 13ஆம் அதிகாரம். பலி செலுத்தப் போன கலிலேயர்களைப் பிலாத்து கொன்றுபோட்ட செய்தியைக் கொண்டுவருகிறார்கள். இயேசுவே சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் சேர்த்துக்கொள்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்கிறார். நீங்கள் மனம் மாறாவிட்டால் அழிவீர்கள் என்று அடுத்த வரியில் சொல்வதும் உண்மைதான். பிரசங்கிமார் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சொன்னது. செத்தவர்கள்மேல் அவர் எதையும் ஏற்றவில்லை.

எபிரேயர் திருமுகம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. பழைய குருக்கள் நாள்தோறும் நின்றுகொண்டே அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். கிறிஸ்து ஒரேதரம் செலுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்த ஆள்தான் உட்காருவான். ஒரேதரம் என்பது ஒரேதரம் என்றால், அதற்குப் பிறகு எந்தத் தாயின் பிள்ளையின் சாவும் பாவப்பரிகாரத்துக்குத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலை அந்தக் கணக்கில் எழுதுகிறவர் சிலுவை போதவில்லை என்று சொல்கிறார். அப்படிச் சொல்வது தனக்கே தெரியாமலிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. "சனத்துக்காக ஒருவன் சாவது நல்லது" என்ற பேச்சை யோவான் நற்செய்தியில் சொல்பவர் தலைமைக் குரு கயபா. தனக்கே தெரியாமல் அவர் இறைவாக்குச் சொன்னார் என்று யோவான் எழுதுகிறார், சரி. ஆனாலும் அந்த இடத்தில் அது ஒரு கொலைத் திட்டம். தான் சாவதாக அவர் சொல்லவில்லை. 1941இல் நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் மாக்சிமிலியன் கொல்பே அடிகள் ஒரு குடும்பஸ்தனுக்குப் பதிலாகப் பட்டினிச் சாவுக்குத் தானே முன்வந்தார். காப்பாற்றப்பட்ட மனிதர் 1995 வரை உயிரோடு இருந்தார். எங்கள் சரத்ஜீவன் அடிகளும் அப்படித்தான். போரின் கடைசிவரை சனத்தோடு நின்று, 2009 மே 18 அன்று போர்ப் பகுதியிலிருந்து வெளியே வந்தபோது மாரடைப்பில் போனார். இவர்கள் கொடுத்தது தங்கள் உயிரை. பங்கரில் அம்மாவின் மடியில் கிடந்த குழந்தை எதையும் கொடுக்கவில்லை. அதைக் கொன்றார்கள்.

கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாயுள்ளதை நான் நிறைவாக்குகிறேன் என்று பவுல் கொலோசையருக்கு எழுதினாரே என்று யாராவது கேட்பீர்கள். தன் சொந்த உடலில் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறார். என் அம்மாவும் தலையிடியைக்கூட "ஆண்டவரே, ஒப்புக்கொடுக்கிறன்" என்பா. தன் தலையிடியை. அயல்வீட்டுக்காரியின் தலையிடியை ஒப்புக்கொடுத்ததாக நினைவில்லை.

தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை வாசிக்கும் எங்கள் பசாம் இந்த விஷயத்தில் நல்ல புத்தியாக நடக்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், எங்கள் சனம் சொல்லும் சாங்கோபாங்க சுவாமியார், இழுத்து இழுத்து ஒப்பாரிபோல் வாசிக்க எழுதிவைத்தது. வாசிக்கிறவரும் கேட்கிறவரும் தங்கள் பாவத்தைச் சொல்லித்தான் அழுவார்கள், ஊரார் பாவத்தைச் சொல்லி அல்ல. இளம் ஆட்களுக்கு அந்தத் தமிழ் விளங்குவதில்லை என்பது வேறு கதை.

அந்த அக்காவுக்கு அன்று நான் லூக்காவை மட்டும் சொன்னேன். மற்றதெல்லாம் பிறகு வாசித்து யோசித்தது. போன வருடம் நினைவுப் பூசைக்கு மன்றாட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய தாளில் "இவர்களின் இரத்தத்தைப் பரிகாரப் பலியாக ஏற்றுக்கொள்ளும்" என்று இருந்ததை வெட்டிவிட்டு, "கொல்லப்பட்ட எங்கள் பிள்ளைகளை உம்மிடம் ஒப்படைக்கிறோம், கொன்றவர்களிடம் நீர் கணக்குக் கேளும்" என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் பங்குச் சுவாமியார் முதல் பாதிக்கு உடனே சரி சொன்னார். இரண்டாம் பாதியைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னார். இந்த வருடத் தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதைப் பற்றிக் கதைக்கத்தான் ஞாயிறு பூசைக்குப் பிறகு அவரைச் சந்திக்கப் போகிறேன்.