முன்மேசைக் கணனியும் இரண்டு அச்சுப்பொறிகளும்

2025 ஜூன் 6, வெள்ளி

விண்டோஸ் 10 இற்கான ஆதரவு வருகிற ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைவதால், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் உள்ள எங்கள் கந்தோரின் முன்மேசைக்கு விண்டோஸ் 11 உடன் புதிய கணனி ஒன்று வந்திருக்கிறது. அதனை இரண்டு அச்சுப்பொறிகளுடன் இணைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. முதலாவது, கடிதங்களுக்கான லேசர் அச்சுப்பொறி. அது வலையமைப்புக் கேபிளில் தனியாக நிற்கிறது. இரண்டாவது, பற்றுச்சீட்டு அடிக்கும் பழைய புள்ளி அச்சுப்பொறி. அது உள்ளறையில் எல்லோருக்கும் பொதுவான கணனியான சேர்வருடன் யூஎஸ்பி வயரால் பொருத்தப்பட்டு, அங்கிருந்து மற்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. அதைக் கைவிடச் சொல்பவர்கள் உண்டு. மை நாடாவின் மேல் ஊசிகள் அடிப்பதால்தான் வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று தாள்களிலும் ஒரே அடியில் எழுத்து விழுகிறது. லேசரால் அது முடியாது. ஆகவே அது இருக்கத்தான் வேண்டும்.

லேசரின் சிறிய திரையில் காட்டிய 192.168.1.104 என்ற முகவரியை எடுத்து, அந்த முகவரிக்கு அச்சு வேலைகளை அனுப்பும் டிசிபி/ஐபி போர்ட் ஒன்றைப் புதிய கணனியில் உருவாக்கி, அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் ஏற்றினேன். சோதனைத் தாள் உடனே வந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வலையமைப்பில் முகவரிகளைப் பங்கிடும் ரவுட்டரின் ஆளியையும் அணைத்துவிட்டு வீடு திரும்பினோம்.

ஜூன் 9, திங்கள்

காலையில் லேசர் ஓஃப்லைன் என்று காட்டியது. முகவரிக்குப் பிங் செய்தேன், அதாவது அங்கே யாரும் இருக்கிறார்களா என்று ஒரு சிறு செய்தி அனுப்பிப் பார்த்தேன், பதில் வந்தது. அதனால் வலையமைப்பில் குறையில்லை என்று நம்பி, டிரைவரை நீக்கிப் போட்டும், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் சேவையை நிறுத்தித் தொடங்கியும் ஒரு மணித்தியாலத்தை வீணாக்கினேன். பிறகுதான் அந்த முகவரியை உலாவியில் திறந்து பார்க்கத் தோன்றியது. அச்சுப்பொறியின் பக்கம் வரவில்லை. பதில் தந்துகொண்டிருந்தது கந்தோரில் ஒருவருடைய கைத்தொலைபேசி. இரண்டு நாட்களாக அணைந்திருந்த ரவுட்டர், யாருக்கு எந்த முகவரியைக் கொடுத்தது என்ற பதிவை இழந்துவிட்டு, காலையில் யார் முதலில் வந்து கேட்டார்களோ அவர்களுக்கு முகவரிகளைப் பங்கிட்டிருக்கிறது. லேசர் இப்போது 192.168.1.109 இல் இருந்தது.

பிங் பதில் தருகிறது என்றால் அந்த முகவரியில் யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டுமே பொருள். இருப்பது அச்சுப்பொறிதான் என்பதற்கு அது சாட்சியாகாது. பெரும்பாலான லேசர்கள் அச்சு வேலைகளை 9100 ஆம் போர்ட்டில், அதாவது அந்த இலக்கமுள்ள வலையமைப்பு வாசலில் வாங்குகின்றன. அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்த்திருந்தால் உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

லேசரின் அமைப்புத் தாளை அச்சிட்டு, அதிலிருந்த அந்தக் கருவிக்கே உரிய அடையாளமான பன்னிரண்டு இலக்க மாக் முகவரியை ரவுட்டரில் பதிந்து, 192.168.1.20 ஐ அதற்கென்றே ஒதுக்கினேன். கணனியில் அச்சுப்பொறியை அழித்து மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. அதன் பண்புகளில் போர்ட் பகுதிக்குப் போய் புதிய போர்ட் ஒன்றைச் சேர்த்து அதைத் தெரிவு செய்தால் போதும். மற்ற ஆறு கணனிகளிலும் இதே திருத்தத்தைச் செய்து முடிக்க மதியமாகிவிட்டது. நாளை பொசன் போயா விடுமுறை.

ஜூன் 11, புதன்

முன்மேசையில் மூவர் முறை மாறி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு. காலையில் இருக்கும் அக்கா தனது பெயரில் நுழைந்ததும் என்னை அழைத்தார்.

“தம்பி, பெரிய பிறின்ரர் காட்டுது. ரிசீற் அடிக்கிற மற்றது இல்லை. சேர்ப்பம் எண்டு பார்த்தா நிர்வாகியின்ரை பாஸ்வேர்ட் கேக்குது.”

என் கணக்கில் இரண்டும் இருந்தன. அவருடைய கணக்கில் ஒன்றுதான் இருந்தது. இதைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன்; ஏனென்றால் இந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. லேசரை நான் கணனியிலேயே ஒரு போர்ட் அமைத்துச் சேர்த்தேன். அப்படிச் சேர்த்தது கணனிக்கு உரியது, யார் நுழைந்தாலும் தெரியும். புள்ளி அச்சுப்பொறியையோ சேர்வரின் பெயரைக் கொடுத்து, பகிரப்பட்ட ஒன்றாக இணைத்தேன். அந்த இணைப்பு இணைத்தவருக்கு மட்டும் உரியது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், அவருடைய சொந்தப் பகுதியில்தான் அதை எழுதுகிறது. ஒரே கதிரை, ஒரே திரை, ஒரே விசைப்பலகை. ஆனால் அக்கா நுழைந்ததும் என் இணைப்பு அங்கே இல்லை.

நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டில் பிரின்ட் நைட்மேர் என்று பெயர்பெற்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்ட பிறகு, அவ்வாண்டு ஓகஸ்ட் 10 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட திருத்தத்தோடு, சேர்வரிலிருந்து டிரைவரை இறக்கி நிறுவுவது நிர்வாகிகளுக்கு மட்டும் என்று ஆயிற்று. பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி இந்தக் காவலைத் தளர்த்திவிடலாம் என்று சொல்வோர் இருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் கணக்குகளை வைத்திருக்கும் கந்தோரில் நான் அதைச் செய்யமாட்டேன்.

அக்காவின் கணக்கில் நான் கடவுச்சொல்லைக் கொடுத்து இணைத்தால் இன்றைய வேலை நடந்திருக்கும். அடுத்தவர் நுழையும்போது மறுபடி அழைப்பு வரும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் மீண்டும் வரும். ஆகவே காலைப் பற்றுச்சீட்டுகளை வேறொரு கணனியில் அடிக்கும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் பொறுத்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

விண்டோஸிலேயே பிரின்ட்யூஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. நிர்வாகியாக நின்று, அதற்கு ஜீ-ஏ என்ற இரண்டெழுத்துத் தெரிவையும் சேர்வர், அச்சுப்பொறி ஆகியவற்றின் பெயர்களையும் கொடுத்தால், பகிரப்பட்ட இணைப்பு ஓர் ஆளுக்கு அல்லாமல் கணனிக்கே எழுதப்படுகிறது. பின்னர் யார் நுழைந்தாலும் அவர் கணக்கில் அது தானாகச் சேர்கிறது. நீக்குவதற்கு ஜீ-டீ, இருப்பவற்றைப் பட்டியலிட ஜீ-ஈ. இதற்குமுன் என் கணக்கிலிருந்த பழைய இணைப்பை அகற்றினேன்.

கட்டளை எந்தச் செய்தியும் சொல்லாமல் முடிந்தது. அச்சுப்பொறிகளின் பட்டியலில் புதிதாக ஒன்றும் தெரியாததால் தோற்றுவிட்டது என்று எண்ணினேன். ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கி, வெளியேறி மறுபடி நுழைந்தபோது புள்ளி அச்சுப்பொறி தன் பெயரோடு நின்றது. பிறகு அக்கா நுழைந்தார், அவருக்கும் தெரிந்தது. பின்னேர முறைக்கு வரும் தம்பிக்கும் தெரிந்தது. டிரைவர் ஏற்கனவே கணனியில் இருந்ததால் எவரிடமும் கடவுச்சொல் கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஒன்றைத் தீர்த்ததும் அதே வகையைச் சேர்ந்த மூன்று வந்தன.

லேசர் ஒரு கடிதத்தோடு நின்று, லெட்டர் அளவுத் தாள் போடும்படி கேட்டது. தட்டில் இருந்தது ஏ4. ஏ4 தாள் 210 மிமீ அகலமும் 297 மிமீ உயரமும். அமெரிக்காவின் லெட்டர் அதைவிட 6 மிமீ அகலம் கூடியது, 18 மிமீ உயரம் குறைந்தது. அச்சு விருப்பங்களில் ஏ4 என்று நான் முன்பே மாற்றியிருந்தேன். அது என் விருப்பமாகவே இருந்துவிட்டது. எல்லோருக்குமான இயல்பு அளவை அச்சுப்பொறிப் பண்புகளின் மேம்பட்ட பகுதியில் உள்ள வேறொரு பொத்தானுக்குள் மாற்ற வேண்டும்.

அடுத்து, பற்றுச்சீட்டு ஒன்று லேசரில் வெளிவந்தது. கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியையே இயல்பானதாக ஆக்கிக்கொள்ளும் தெரிவு விண்டோஸில் உண்டு. ஒரே அச்சுப்பொறி உள்ள வீட்டில் அதனால் தீங்கில்லை, இரண்டுக்கு இரண்டு வேலை உள்ள இடத்தில் அது கூடாது. கந்தோர்க் கணனிகளை ஒருங்கே ஆளும் டொமைன் கொள்கையில் அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் தத்தம் கணக்கில் ஒருமுறை இயல்பு அச்சுப்பொறியைத் தெரிவு செய்யச் சொன்னேன்.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்தியது. அக்கா அச்சிட்ட தமிழ்க் கடிதத்தில் “தமிழ்” என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அச்சுப்பொறியில் பிழையில்லை. எங்கள் பழைய கடிதங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்திருப்பதால், எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடுகிறது. பாமினியை நான் திங்களன்றே நிறுவியிருந்தேன். இப்போதைய விண்டோஸில் “நிறுவு” என்று மட்டும் அழுத்தினால் எழுத்துரு அழுத்தியவரின் கோப்புறைக்குப் போகிறது. “எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு” என்பது தனியாக இருக்கிறது. அதை அழுத்தியபின் கடிதம் தமிழில் வந்தது. புதிய கடிதங்களை, எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் எழுதும்படி நெடுநாளாகக் கேட்டுவருகிறேன். இன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன், இம்முறை அக்கா சம்மதித்தார்.

ஜூன் 16, திங்கள்

சனிக்கிழமை சோளகக் காற்றில் எங்கோ கிளை முறிந்து கம்பியில் விழ, மின்சாரம் நின்று போயிற்று. ஞாயிறு முழுவதும் கந்தோர் பூட்டியிருந்தது. ரவுட்டர் எல்லாவற்றையும் மறக்க இதைவிட நல்ல தருணம் இல்லை என்பதால், இன்று வழமைக்கு முன்பே வந்து லேசரின் திரையைப் பார்த்தேன். 192.168.1.20.

சனிக்கிழமைகளில் முன்மேசையில் இருக்கும் தங்கச்சி, மின்சாரம் நின்றதால் விடுபட்ட வேலைக்காக இன்று வந்து, புதிய கணனியில் முதன்முறையாகத் தன் பெயரில் நுழைந்தார். விண்டோஸ் அவருடைய கணக்கை ஆயத்தம் செய்து முடிக்கும்வரை நான் பின்னால் நின்றேன். இரண்டு அச்சுப்பொறிகளும் வந்தன. தாள் ஏ4 என்று இருந்தது. பாமினி பட்டியலில் இருந்தது. இயல்பு அச்சுப்பொறியை மட்டும் அவரே தெரிவு செய்தார். ஒரு பற்றுச்சீட்டை அடிக்கச் சொன்னேன். உள்ளறையில் ஊசிகள் அடிக்கும் ஓசை கேட்டது. போய்க் கிழித்து, மூன்று தாள்களையும் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் தாளில் இலக்கங்கள் சற்று மங்கல். நாடா மாற்ற வேண்டும்.